இஞ்சினுக்குள் குங்குமம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, வெள்ளைத் துணியின் மேல் ஒரு சிட்டிகை சிவப்பு.

இரவுப் பணி முடிந்து புதுச்சேரியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியிருந்தேன். மார்கழிப் பனியில் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. கதவைத் தள்ளியதும் கூடத்து ஜன்னலோரம் அக்காவின் தையல் மேசை. அதன் மேல் அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்திருந்தாள். அந்த வெள்ளையில்தான் சிவப்பு. கையில் ஊசி ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

"ரத்தமா?" என்றேன்.

ரெஜினா அக்கா நிமிரவில்லை. "குங்குமம்டா. இஞ்சினுக்குள்ளேர்ந்து வருது" என்றாள்.

வேட்டியின் நடுவில் எங்கள் ரயில் இஞ்சின் பிரிந்து கிடந்தது. மின்சாரத்தில் ஓடுகிற பொம்மை ரயில். பார்வைக்கு நீராவி இஞ்சின். நீளம் ஒரு சாண். கறுப்பு மேல்கூடு ஒரு பக்கம். அதைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூ ஒரு சோடா மூடியில். இரண்டு ஸ்பிரிங் இன்னொரு சோடா மூடியில். கட்டைவிரல் பருமனுள்ள மோட்டார் அக்காவின் இடது உள்ளங்கையில். வலது கையில் தீக்குச்சி. அதன் முனையில் சுற்றிய பஞ்சு சிவந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. அதற்குள் அந்த இஞ்சின் ஓட வேண்டும். ஓடாவிட்டால் புதுச்சேரியிலிருக்கும் பெரியப்பா மகனுக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் அது. நான் வேலை பார்த்த நாளிதழின் செய்தி ஆசிரியர், முதலில் மணியை எழுது, அடுத்து கண் பார்த்ததை எழுது, உன் அபிப்பிராயம் அவசரமில்லை என்பார். அதனால்தான் இந்த அத்தியாயத்தை அந்தச் சிவப்பிலிருந்து தொடங்கினேன். இனி அது இஞ்சினுக்குள் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

"எனக்கு வாங்கினேன்"

அப்பா அந்தோணிசாமி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படி இருந்து திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். ஊரில் யாரும் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்தா வூடு, சொல்தா மாடு, சொல்தா பொண்ணு என்றுதான் பேச்சு.

ஓய்வு பெற்றுக் கப்பலேறும் முன் பிரான்சின் மர்சேய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அந்த ரயிலை வாங்கினார். ஒரு இஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, ஒரு திறந்த சரக்குப் பெட்டி, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பிள்ளைகளுக்காக வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். அம்மா அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னாள். அப்பா ஒவ்வொரு முறையும் திருத்துவார். "எனக்கு வாங்கினேன்."

வில்லியனூரிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் எங்கள் ஊர். ரயில் வந்தபோது ஊரில் மின்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா பெட்டியைத் திறப்பார், இஞ்சினைத் துடைப்பார், மூடுவார். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, எங்கள் கூடத்தில் முதல் பல்பு எரிந்த சாயங்காலம் அக்கம்பக்கத்தார் பல்பைப் பார்க்க வந்தார்கள். அப்பா பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலிருந்து ஒயர் இழுத்து ரயிலை ஓட்டினார். எல்லாரும் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் மின்சார ரயில் பார்த்தோம்.

வில்லியனூருக்கு அடுத்த ஸ்டேஷன்

கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வீடுகள் எங்கள் தெருவில் பல உண்டு. வைக்கோல் கூரை, காகித மலை, தகர டப்பாவில் முளைக்கவிட்ட நெல்நாற்று. குழந்தை இயேசுவைக் காண மூன்று ராஜாக்கள் கிழக்கிலிருந்து வருகிறார்கள் இல்லையா, அந்த சொரூபங்களைத் தள்ளி எங்காவது வைத்து, தினம் கொஞ்சம் நகர்த்தி, ராஜாக்கள் திருநாளன்று குடிலில் சேர்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் ராஜாக்கள் ரயிலில் வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை மூவரும் சரக்குப் பெட்டியில் ஏறுவார்கள். தண்டவாளம் குடிலைச் சுற்றி வரும். அதன் ஓரத்தில் அட்டையில் எழுதிய ஸ்டேஷன் பெயர்கள்: விழுப்புரம், வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர். முதல் மாலை விழுப்புரத்தில் கிளம்பிச் சில சுற்று ஓடி மறுபடி விழுப்புரத்திலேயே நிற்கும். பிறகு சில மாலைகள் வளவனூர். பிறகு சின்னபாபு சமுத்திரம். ஜெபமாலை முடிந்ததும் ஓட்டம். தெருவில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்; கிறிஸ்தவர்கள் என்றில்லை. ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் வில்லியனூரைத் தாண்டி இறங்குவார்கள். அதற்கு அடுத்த ஸ்டேஷன் புதுச்சேரி என்பது ரயில்வேயின் கணக்கு. எங்கள் கணக்கில் அது பெத்லகேம்.

பக்கத்து வீட்டு கோவிந்தராசு மாமா கரும்பும் நெல்லும் வைத்திருந்த விவசாயி. கொல்லையை ஒட்டி அவர் நிலம், நிலத்தில் பம்புசெட். வருஷா வருஷம் அவர் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "சொல்தா வூட்டு ரயிலு டயத்துக்கு எடுக்குதுப்பா. வில்லினூரு ரயிலுக்குப் போய் நின்னா நாளைக்கு வாங்கறான்."

ராஜாக்களை விழுப்புரத்திலேயே விட்டுவிட முடியாது. ஒரு தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் இஞ்சின் பராமரிப்பு எங்கள் வீட்டில் விளையாட்டு விஷயமாக இருந்ததே இல்லை.

தலைக்கும் கண்ணுக்கும்

எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீடு படித்துப் படித்துத்தான் தேறியது.

ரயிலோடு வந்த சின்னக் குப்பி எண்ணெய் இரண்டு வருடத்தில் தீர்ந்தது. அப்பா தேங்காயெண்ணெய் போட்டார். மார்கழியில் தேங்காயெண்ணெய் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தலைக்கு வைக்கவே பாட்டிலை வெயிலில் காட்ட வேண்டும். ஆனால் இஞ்சினுக்குள்ளும் அதுவேதான் நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் திருகைத் திருப்பினால் முனகியது, நகரவில்லை. மத்தியானம் வெயில் ஏறியதும் ஒழுங்காக ஓடியது. "அதுக்கும் குளிருது" என்றாள் அம்மா. அடுத்த வருடம் நல்லெண்ணெய். அது உறையவில்லை, பிசினாகப் பிடித்தது.

சரியான எண்ணெய் அக்காவின் தையல் மிஷினோடு வீட்டுக்குள் வந்தது. நிறமில்லாத, மெல்லிய மிஷின் எண்ணெய்.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்து, மிஷின் வாங்கிப் போட்டு உட்கார்ந்தவள் ரெஜினா அக்கா. அடக்கமானவள் என்று யாரும் அவளைச் சொல்ல மாட்டார்கள். அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு யாராவது தெருவில் போனால், ஜன்னலிலிருந்தே குரல் கொடுத்து நிற்கவைத்து, பக்கத்தில் இருப்பவளிடம் தோள்பட்டைத் தையலைக் காட்டுவாள்.

இஞ்சினுக்கு எண்ணெய் போடும் முறை இது. மோட்டார் அச்சின் இரண்டு முனையிலும், சக்கர அச்சுகள் உட்காரும் இடங்களிலும் ஒவ்வொரு பொட்டு. பல்சக்கரத்துக்கு எண்ணெய் கிடையாது; கடுகளவு வாசலின். மோட்டாருக்குள் கார்பன் துண்டுகள் உரசுகிற செப்பு வளையத்தில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் கருகும். சக்கரத்தின் விளிம்பிலும் தண்டவாளத்திலும் கூடாது. பட்டால் வழுக்கும், மின்சாரமும் ஏறாது. எண்ணெயைக் குப்பியிலிருந்து நேராக ஊற்றுவதில்லை. ஊசி முனையில் தொட்டு, சொட்டு தானாகத் திரளும்வரை காத்து, வைக்க வேண்டிய இடத்தில் ஒற்றி எடுப்பது.

"தலைக்கு வெக்கிறாப்ல வெக்கக் கூடாது. கண்ணுக்கு மை வெக்கிறாப்ல வெக்கணும்" என்பாள் அக்கா.

வில்லியனூர் ஸ்டேஷனில் அப்போது நிஜமான நீராவி இஞ்சின் நிற்கும். டிரைவர் இறங்கி, நீள மூக்குள்ள கேனை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாக ஊற்றுவார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார், ஏதோ பந்தியில் நெய்யை வீணாக்குகிறார்கள் என்பது போல.

அப்பாவின் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஊசியை அவர்தான் பிடிப்பார். சொட்டு அச்சில் விழாது. மேசையில் விழும், அல்லது விழக் கூடாத செப்பு வளையத்தில் விழும். அவர் எழுந்து காப்பிக்குப் போனதும் அக்கா இஞ்சினை மறுபடி திறப்பாள். துடைத்து, புதிதாக எண்ணெய் வைத்து, சக்கரத்தில் சிக்கிய தையல் நூலைக் கொக்கி ஊசியால் எடுத்து, மூடிவைப்பாள். ரயில் நன்றாக ஓடும். "என் கை பட்டாத்தான் அது ஓடும்" என்பார் அப்பா, வந்தவர்களிடம். எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிக் காட்டுகிற அக்கா, இந்த ஒன்றை மட்டும் சொன்னதில்லை.

பூஜை அன்று

அந்த வருடம் அப்பாவுக்குப் புதுச்சேரியில் கண் ஆபரேஷன். நவராத்திரிக்கு முன்பே போனவர், பெரியப்பா வீட்டில் தங்கி, நவம்பர் கடைசியில்தான் திரும்பினார்.

ஆயுத பூஜையன்று கோவிந்தராசு மாமா வீட்டில் பம்புசெட், மருந்தடிக்கும் மிஷின், சைக்கிள், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வைத்து முடித்து, தட்டை ஏந்திக்கொண்டு தனம் அத்தை எங்கள் வீட்டுக்கு வருவாள். அத்தை கோவிந்தராசு மாமாவின் மனைவி, குருவிநத்தத்துப் பெண். அக்காவின் தையல் மிஷினுக்கும் அன்றைக்குப் பொட்டு. நாங்கள் கோயிலுக்குப் போகிற வீடல்ல என்பது இதில் ஒரு தடையாக எந்த வருடமும் வந்ததில்லை. பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்குப் பதிலுக்குப் பலகாரம் போகும்.

அன்று அக்கா இஞ்சினைத் திறந்து, பழைய வாசலினைத் துடைத்து, மேல்கூட்டைப் போடாமல் மேசையிலேயே விட்டுவிட்டு, ரவிக்கை கொடுக்கத் தெருக்கோடிக்குப் போயிருந்தாள். தனம் அத்தை வந்தாள். தையல் மிஷினுக்கு வைத்தாள். பக்கத்தில் மோட்டார் திறந்து கிடந்தது. அதற்கும் வைத்தாள், மனசாரவே வைத்தாள். தீர்த்தமும் தெளித்தாள். வருஷம் முழுக்கப் பெட்டிக்குள் மறைந்திருப்பது இன்று வெளியே இருக்கிறது, இதைவிட நல்ல நேரம் எது.

அக்கா திரும்பி வந்து பார்த்துச் சிரித்தாள். துணியால் துடைத்தாள். கண்ணுக்குத் தெரிந்தது போயிற்று. மேல்கூட்டை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினாள். தீர்த்தத்தில் கரைந்த சந்தனம் அச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இறங்கி, இரண்டு மாதம் காய்ந்தது.

லூர்து அண்ணன் கொண்டு வந்த குப்பி

பெரியப்பா மகன் லூர்துநாதன், எங்களுக்கு லூர்து அண்ணன், புதுச்சேரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கெட்டிக்காரர், நல்ல மனிதர். அப்பா அவர் வீட்டில் இருந்த வாரங்களில் ரயிலைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். கிராமத்தில் உமித் தூசி, நூல் தூசி, கூரையிலிருந்து பல்லி; டவுனில் தன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பராமரிக்கலாம் என்று அண்ணன் சொன்னார். அப்பா யோசித்தார். ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கண்ணாடி தடியாக வந்திருந்தது. ஊசி முனை அதிலும் தெரியவில்லை. தன் கைதான் இஞ்சினை இத்தனை நாள் ஓட்டியது என்று நம்புவதாக நாங்கள் நினைத்த மனிதர், அந்தக் கை போனால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததில் தப்பில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு லூர்து அண்ணன் வந்தார். ரயிலை எடுத்து வைத்து ஓட்டினார்கள். இஞ்சின் ஒரு முழம் போய் நின்றது. இழுத்து இழுத்து முனகியது. அண்ணன் பையிலிருந்து கடை எண்ணெய்க் குப்பியை எடுத்து, அச்சு தெரிந்த துவாரங்களில் எல்லாம் விட்டார். ரேடியோவின் திருகு இறுகினால் அப்படித்தான் விடுவார்கள். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு பொசுங்கிய வாசனை வந்தது.

அக்கா ஒரு எட்டு முன்னால் வந்து, "அண்ணே, போதும். நிறுத்து" என்றாள்.

அப்பா நாற்காலியிலிருந்து சொன்னார்: "ராஜாக்க கெளம்பற அன்னைக்கு ஓடலன்னா நீ எடுத்துட்டுப் போயிடு லூர்து. இங்க வெச்சி இன்னா பண்றது."

"நான் பாக்கறேம்பா" என்றாள் அக்கா.

"இன்னாத்தப் பாப்ப? ரவிக்கையா அது, பிரிச்சித் தெக்கறதுக்கு?"

அக்கா மிஷினுக்குத் திரும்பினாள். கிறிஸ்துமஸ் துணி தைத்துக் கொடுக்கிற நெருக்கடி நேரம். எல்லாத் துணியையும் முடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்த அந்தக் காலையில்தான் இஞ்சினைத் திறந்தாள்.

மறுபடி அந்த மேசை

இப்போது ஆறு பத்துக்குத் திரும்பலாம்.

சைக்கிளைச் சாத்திவிட்டு நான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பால் கொண்டுவந்த தனம் அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். வேட்டியில் சிவப்பைப் பார்த்தாள். செம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டாள்.

"நான் வெச்சதாடி அது?"

"நீதான் வெச்ச."

"மேல தகட்டுல வெச்சா தகட்டுக்குத்தான் சேரும்னு நெனச்சன். உசுரு உள்ளதான கெடக்குது, அதுக்கில்ல வெக்கணும்னு..." அத்தை முடிக்கவில்லை. "நான்தான் கெடுத்துட்டனா ரெஜினா?"

அக்கா அப்போதும் நிமிரவில்லை. "நீ வெச்சதால மட்டும் ஒண்ணும் ஆயிருக்காது அத்த, தொடச்சி எடுத்திருப்பன். அண்ணன் ஊத்துன எண்ணெயால மட்டும் ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டும் சேந்துச்சி பாரு, அம்மில வெச்சி அரைச்சாப்ல ஆயிடுச்சி."

அதுதான் நடந்திருந்தது. காய்ந்த சந்தனமும் குங்குமமும் எண்ணெயில் ஊறி விழுதாகி, அச்சு சுற்றச் சுற்ற அரைபட்டிருந்தது. மோட்டார் திணறிச் சூடேறி, இரண்டு கார்பன் துண்டுகளில் ஒன்று எண்ணெய் குடித்து, கருகி, உதிர்ந்துவிட்டது. மோட்டாருக்கு மின்சாரம் அந்த இரண்டு துண்டுகளின் வழியாகத்தான் போக வேண்டும். பென்சில் முனை அளவு இருக்கும். அதை வாங்க மர்சேய்க்குத்தான் போக வேண்டும்.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கரித்தூளை விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா ராத்தண்ணி கட்டப் போவ டார்ச்சி எடுத்துட்டுப் போவுதே, அதுல தீந்துபோன செல்லு இருந்தா கொண்டாயேன் அத்த" என்றாள்.

அத்தை மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதில் இரண்டு நன்றாக இருந்த செல். எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்கிற அவசரம். அக்கா ஒரு பழைய செல்லின் துத்தநாகத்தை உரித்தாள். நடுவில் கறுப்புக் கம்பியாகக் கார்பன். அதை ஒடித்து, உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்து, மோட்டாரில் கார்பன் உட்காரும் பித்தளைக் குழாயில் விட்டுப் பார்த்து, இறுகினால் மறுபடி தேய்த்து. முதல் துண்டு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. நான் தூங்கப் போகவில்லை. மூன்றாவது துண்டு குழாய்க்குள் போய், ஸ்பிரிங்கின் மேல் மெத்தென்று எழும்பியது. "ம்" என்றாள்.

பல்சக்கரங்களை வெள்ளைப் பெட்ரோலில் ஊறப்போட்டுப் பல் தேய்க்கும் பிரஷால் கழுவினாள். கம்பவுண்டரிடம் வாங்கிவைத்திருந்த ஸ்பிரிட்டால் செப்பு வளையத்தைத் துடைத்தாள். அதன் வெட்டுகளில் படிந்த கறுப்பைக் கூராக்கிய தீக்குச்சியால் சுரண்டினாள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பிறகு ஊசி முனையில் எண்ணெய். சொட்டு திரளக் காத்திருந்தபோது அவள் மூச்சைக்கூட விடவில்லை. கடுகளவு வாசலின். ஸ்பிரிங், கூடு, ஸ்க்ரூ.

மல்லாக்க வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு ஒயரைச் சக்கரத்தில் தொட்டாள். சக்கரம் சுற்றியது. முன்னால் ஓடவிட்டாள். ஒயரை மாற்றிப் பின்னால் ஓடவிட்டாள். இஞ்சினைக் காதோரம் எடுத்துப் போய்க் கேட்டாள். அவள் மிஷினை மெதுவாக மிதித்தால் என்ன சத்தம் வருமோ, அதே சத்தம்.

எங்களுக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. பிறகு பல் விளக்கப் போனார்.

பல்பைப் பார்த்தவள்

கிறிஸ்துமஸ் அன்று மாலை கூடம் நிரம்பியிருந்தது. லூர்து அண்ணன் டவுனிலிருந்து வந்திருந்தார். இஞ்சினை எடுத்துப் போகத் தேக்கில் ஒரு பெட்டி செய்து, உள்ளே மெத்தென்று துணி வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். பேராசைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். அந்தப் பெட்டி சுவரோரம் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

ராஜாக்கள் விழுப்புரத்தில் ஏறினார்கள். வழக்கமாகத் திருகைத் திருப்புவது அப்பா. அன்றும் அப்பாதான் திருப்பினார்.

ரயில் நகர்ந்தது. வளவனூர் போயிற்று, சின்னபாபு சமுத்திரம் போயிற்று. ஒரு முழுச் சுற்று. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் வளவனூர் தாண்டியதும் தளர்ந்தது. ஊர்ந்தது. சின்னபாபு சமுத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றே விட்டது. அப்பா திருகை முழுவதும் திருப்பினார். இஞ்சின் முனகியது. தனம் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் இஞ்சின் மேல் இருந்தது. லூர்து அண்ணன் குனிந்துவிட்டார்.

அக்கா இஞ்சினைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பல்பு சிவந்து, இழை மட்டும் தெரிந்தது.

"மாமா, மோட்டாரு ஓடுதா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சாயங்காலம் பம்புசெட் எடுத்தால் வீடுகளில் வோல்டேஜ் இறங்கும். அதனால் ரயில் ஓடுகிற நேரம் கோவிந்தராசு மாமா தன் மோட்டாரை நிறுத்திவைப்பது வருஷா வருஷம் நடப்பது. அன்று வீட்டில் அத்தையின் பதட்டத்தில் அதை மறந்து ஓடவிட்டு வந்துவிட்டார்; மற்ற வீடுகளிலும் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் தாங்கவில்லை.

மாமா எழுந்தார். "கரும்பு எங்க போயிடப்போவுது. ராஜாக்க போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே கொல்லை வழியாக இறங்கி ஓடினார். அவர் செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது.

அக்கா திருகை அப்பாவின் கையோடு சேர்த்துப் பிடித்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். "எறக்கி வையிப்பா. கரண்ட்டு வந்தா எகிறிடும்."

நாங்கள் காத்திருந்தோம். தூரத்தில் பம்புசெட்டின் இரைச்சல் நின்றது. பல்பு மஞ்சளாகி, வெள்ளையானது. இஞ்சின் தானாகவே கிளம்பியது. சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர், விழுப்புரம், மறுபடி வளவனூர். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெருவில் எந்த வீட்டு ரயிலும் இப்படி ஓடாது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தெருவில் வேறு ரயிலே கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாமா காலில் சேற்றோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்று பார்த்தார்.

"போன வருசத்தவிட நல்லா ஓடுதே சொல்தா. இன்னா எண்ணெ போட்ட?" என்றார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"என்னக் கேக்காத. எனக்குத் தெரியாது" என்றார். "ரெஜினாவக் கேளு. மூணு வருசமா அவதான் போடறா."

அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காப்பிக்குப் போன மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு நிமிடம்தான். பிறகு அவள் அவளாகிவிட்டாள். டார்ச் செல்லிலிருந்து கார்பன் எடுத்ததை, உப்புத்தாளில் தேய்த்ததை, பஞ்சு வெள்ளையாக வந்ததை ஒன்று விடாமல், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சொன்னாள். லூர்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கார்பன் துண்டை எந்தப் பருமனுக்குத் தேய்த்தாய் என்று இரண்டு தடவை கேட்டார். கிளம்பும்போது பெட்டியை எடுக்கவில்லை.

"இங்கயே இருக்கட்டும் சித்தப்பா. இஞ்சின் அளவுக்குச் செஞ்சது, வேற எதுக்கும் ஆவாது" என்றார்.

ஜனவரி ஆறாம் தேதி மாலை ராஜாக்கள் வில்லியனூரைத் தாண்டி இறங்கினார்கள். அடுத்த நாளிலிருந்து எண்ணெய் ஊசியை அப்பா தொடவில்லை. அக்கா திறக்கும்போது எதிரே உட்கார்ந்து, கீழே விழுகிற ஸ்க்ரூவுக்காக வேட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தனம் அத்தை தட்டோடு வந்து, தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா தேக்குப் பெட்டியைத் திறந்து இஞ்சினை வெளியே எடுத்தாள். ஸ்க்ரூவை இன்னொரு முறை முடுக்கிப் பார்த்தாள். பிறகு அத்தையின் முன்னால் நீட்டினாள்.

அன்று அத்தை இஞ்சினின் மேல்கூட்டில் வைத்த குங்குமத்தின் கறை இன்றும் இருக்கிறது.